கலங்கல் உள்ள கரை

(தொழிற்பயிற்சி மாணவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சுற்றுவட்டார விவசாயிகளும் கூடிய அவையில், ஒரகடத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். 'அப்ஸ்ட்ரக்ட்' என்பது அந்தச் சொல். உங்களுக்கு அது புதிதல்ல. ஆலைக்குள் தீயணைப்புக் கருவி மாட்டியிருக்கும் இடத்தில் தரையில் மஞ்சள் கோடு போட்டு, 'டு நாட் அப்ஸ்ட்ரக்ட்' என்று எழுதியிருப்பார்கள். அவசர வழிக் கதவின் மேலும் அதே பலகை தொங்கும். அங்கே ஒரு டிராலியை நிறுத்தினால் சூப்பர்வைசர் ஓடி வருவார். ஆலைக்கு வெளியே சாலையில் உட்கார்ந்தால், காவல் நிலையத்தில் வழக்குப் போடும் சட்டப் பிரிவின் ஆங்கில மூலத்திலும் இதே சொல்தான் வரும். இரண்டு இடத்திலும் அதற்குத் தமிழில் நாம் சொல்லும் பொருள் ஒன்றுதான்: தடுப்பது. இந்த ஒற்றைப் பொருளோடு நின்றுவிட்டதால் நாம் எதையெல்லாம் பார்க்காமல் விட்டோம் என்பதே இன்று என் பேச்சு.

பஸ் படிக்கட்டில் ஒருவர் ஏறாமலும் இறங்காமலும் நின்றால் நம் ஊரில் என்ன சொல்வார்கள்? "ஏம்பா, நந்தி மாதிரி குறுக்கே நிக்கிறே?" என்பார்கள். நந்தி நிற்கிறது. நிற்பது விலகவும் கூடும். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகிக் கொடுத்தது என்பது நாம் கேட்டு வளர்ந்த கதை. லத்தீன் மொழியிலும் குறுக்கே நிற்பதற்கு ஒரு சொல் உண்டு. 'ஆப்' என்றால் எதிரே, 'ஸ்தாரே' என்றால் நிற்பது. இரண்டும் சேர்ந்து பிறந்ததுதான் ஆங்கிலத்தின் 'அப்ஸ்டகிள்'. நந்தி ஓர் அப்ஸ்டகிள்.

'அப்ஸ்ட்ரக்ட்' அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீடுதான், ஆனால் வேறு வீடு. அதிலும் 'ஆப்' உண்டு. அதோடு சேர்வது 'ஸ்த்ருவேரே'. அந்த வினைக்கு அடுக்குவது, கட்டுவது என்று பொருள். ஆக, எதிரே கட்டி எழுப்புவதுதான் அப்ஸ்ட்ரக்ட். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த வினை ஆங்கிலத்தில் வழக்குக்கு வந்தது. வேர்ச்சொல்லை நினைவில் வைத்துப் பார்த்தால், குறுக்கே ஆள் நிற்பது வேறு, குறுக்கே சுவர் எழுப்புவது வேறு. ஆள் எழுந்து போய்விடுவார். சுவர் போகாது.

அந்த 'ஸ்த்ருவேரே' என்ற வேரிலிருந்து ஒரு பெரிய குடும்பமே கிளைத்திருக்கிறது. 'கன்ஸ்ட்ரக்ட்' என்றால் சேர்த்துக் கட்டுவது. 'ஸ்ட்ரக்சர்' என்றால் கட்டமைப்பு. 'இன்ஸ்ட்ரக்ட்' என்றால் அறிவை உள்ளே கட்டுவது. 'டெஸ்ட்ராய்' என்றால் கட்டியதைக் கலைப்பது. இன்னொரு பிள்ளையும் அதே வேரிலிருந்து வந்ததுதான்: 'இண்டஸ்ட்ரி'. லத்தீனில் 'இந்துஸ்த்ரியா' என்றால் விடாமுயற்சி. உள்ளே கட்டுவது என்பது அதன் பழைய பொருள். இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை நாம் எதை இண்டஸ்ட்ரி என்று சொல்கிறோமோ, அதுவும் அப்ஸ்ட்ரக்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கட்டுகிற கையே தடுக்கிற கையாகவும் ஆகலாம் என்பதை அந்த மொழியின் வேரே சொல்லி வைத்திருக்கிறது.

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் தடுப்பதற்கு ஒரு சொல் அல்ல, பல சொற்கள். தடு, மறி, அடை, விலக்கு, தகை. நம் நாக்குக்கு இவற்றின் வேறுபாடு தெரியும். ரோட்டை மறிச்சுட்டாங்க என்போம். கால்வாயை அடைச்சுட்டாங்க என்போம். மாற்றிச் சொன்னால் காதுக்கு ஒட்டாது. ஏன்?

வயலுக்குத் தண்ணீர் கட்டும் ஒருவரைப் பார்த்தால் விடை கிடைக்கும். என் சிறுவயதில் விடியற்காலை இருட்டில் ஒரு பெரியவரோடு வாய்க்கால் வரப்பில் நடந்திருக்கிறேன். தோளில் மண்வெட்டி. மடையருகே வந்ததும் குனிந்து, கையைத் தண்ணீரில் விட்டு, எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்ப்பார். இரண்டு வெட்டு சேற்றை எடுத்து ஓடுகிற வழியில் போட்டுக் காலால் மிதிப்பார். அதே மூச்சில் அடுத்த பாத்தியின் வாயை ஒரு வெட்டில் திறப்பார். தண்ணீர் ஒரு கணம் தயங்கும், தலை தூக்கும், பிறகு திரும்பி ஓடும். மறித்தல் என்றால் இதுதான். தமிழில் மறி என்பதற்குத் தடுப்பது என்று மட்டும் பொருள் இல்லை. திரும்புவது, திருப்புவது என்ற பொருளும் உண்டு. மறிப்பவர் கையில் எப்போதும் இரண்டு வேலை: ஒரு பக்கம் போடுவது, இன்னொரு பக்கம் திறப்பது. திறக்காமல் போட்டால் அது அடைத்தல்.

ஆகவேதான் நம் முன்னோர் ஒரு போராட்ட முறைக்கு மறியல் என்று பெயர் வைத்தபோது, சொல் பொருத்தமாக அமைந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'பிக்கெட்டிங்'. பிரெஞ்சு மொழியில் கூர் சீவிய முளைக்கம்புக்குப் பெயர் 'பிகே'. அது காவல் நிற்கும் படை வீரருக்கு ஆகி, பிறகு ஆலை வாசலில் நிற்கும் தொழிலாளருக்கு ஆனது. நம் மறியலில் முளைக்கம்பு இல்லை, முகம் இருக்கிறது. 1921இல் ஈரோட்டில் பெரியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்தார்கள். கடைக்குப் போகிறவரைத் தள்ளிவிடுவது அவர்கள் நோக்கம் அல்ல. அவர் வீட்டுப் பக்கம் திரும்பிப் போக வேண்டும். அதுதான் மறித்தல்.

இதே சொல் கடல் தாண்டி எப்படி மாறியிருக்கிறது பாருங்கள். இலங்கைத் தமிழில் மறியல் என்றால் காவலில் அடைபடுவது. நாம் நீதிமன்றக் காவல் என்பதை அங்கே விளக்கமறியல் என்கிறார்கள். சிறைக்கு மறியற்சாலை என்றும் பெயர். ஒரே வேர், இங்கே மக்கள் கையில் இருக்கிறது, அங்கே அரசின் கையில் இருக்கிறது. சொல் யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது.

இப்போது நம் மண்ணின் பெரிய பாடத்துக்கு வருகிறேன். அது ஏரி.

ஏரிக்கரை என்பது என்ன? ஓடிவரும் நீருக்கு எதிரே கட்டி எழுப்பியது. லத்தீன் பொருளில் எடுத்தால் அப்பட்டமான அப்ஸ்ட்ரக்ட். ஆயினும் எந்த விவசாயியும் ஏரியைத் தடை என்று சொன்னதில்லை. காரணம், கரையில் இரண்டு திறப்புகள் உண்டு. வயலுக்குத் தேவையானதைத் தருவது மதகு. ஏரி தாங்கும் அளவுக்கு மேல் வந்ததைப் போக விடுவது கலங்கல். கலங்கலின் மேல் வரிசையாகக் கற்களை நட்டிருப்பார்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் கற்களுக்கு இடையே மண்ணும் வைக்கோலும் வைத்து அடைத்து, இன்னும் கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்வார்கள். பெருமழைக் காலத்தில் அதைத் தொட மாட்டார்கள். கலங்கலை அடைத்தால் கரை உடையும் என்பது படிக்காத பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. கலங்கலிலிருந்து வழிந்த நீர் போக்குக்கால்வாயில் இறங்கி அடுத்த ஏரிக்குப் போகும். ஓர் ஏரியின் உபரி அடுத்த ஏரியின் வரத்து.

இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறைக்காக அவற்றை எல்லோரும் கொண்டாடுகிறோம். அந்தக் குடவோலையில் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுள் ஒன்று ஏரி வாரியம் என்பதை மறந்துவிடுகிறோம். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு குழு. அதற்கு ஆளைத் தேர்ந்தெடுக்க ஓலை.

இன்னொரு செய்தி சொல்கிறேன், பெருமையாக இருக்கும். வெள்ளைக்காரப் பொறியாளர்கள் நம் ஏரிகளைப் பார்த்துக் குறிப்பு எழுதியபோது, கலங்கலுக்குத் தங்கள் மொழிச் சொல்லோடு நிற்காமல் நம் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் 'கலிங்குலா' என்று அது பதிவாகியிருக்கிறது. தடுப்பதைச் சொல்லும் சொல் அவர்களிடமிருந்து நமக்கு வந்தது. வழி விடுவதைச் சொல்லும் சொல் நம்மிடமிருந்து அவர்களுக்குப் போனது.

அந்தச் சொல்லைக் கொடுத்தவர்கள் இன்று அதை மறந்து நிற்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

1996இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998இல் முதல் கார் வெளியே வந்தது. 2006இல் நோக்கியா வந்தது, 2014இல் மூடிப் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு. இந்த ஆலைகளால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிகிறது என்பது எனக்குத் தெரியும். இந்த அவையே அதற்குச் சாட்சி. ஆலை வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. கட்டும்போது கலங்கல் வைத்தோமா என்று கேட்க வந்திருக்கிறேன்.

போன ஆண்டு ஒரு போக்குக்கால்வாயை அதன் கலங்கலிலிருந்து நடந்தே பின்தொடர்ந்தேன். எந்த ஏரி, யாருடைய இடம் என்பது வேண்டாம். கலங்கலருகே கால்வாய் இருபது தப்படி அகலம். அரை மணி நேரம் நடந்ததும் எதிரே ஒரு மதில். அதன் அடியில் இரண்டு குழாய், ஒவ்வொன்றும் ஒரு குடம் நுழையும் அகலம். ஒன்றின் வாயில் பிளாஸ்டிக் பையும் கோரைப்புல்லும் சேர்ந்து இறுகிக் கிடந்தன. மதில்மேல் என் இடுப்பு உயரத்தில் பழைய வெள்ளம் விட்டுப்போன சேற்றுக்கோடு. மதிலுக்கு அந்தப் பக்கம், அவசர வழிக் கதவு ஒன்றில், சிவப்பு எழுத்தில் 'டு நாட் அப்ஸ்ட்ரக்ட்' என்று எழுதியிருந்தது தெரிந்தது. அந்தப் பலகை இந்தப் பக்கமும் இருந்திருக்க வேண்டும்.

2015 டிசம்பரை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். நாடு முழுக்க அந்த ஏரியைப் பற்றித்தான் பேசியது. ஆனால் அடையாறு செம்பரம்பாக்கத்தில் மட்டும் பிறக்கவில்லை. ஒரகடம், மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீரும் அடையாற்றுக்குத்தான் போகிறது. வழியில் இருக்கும் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது அந்த நீரில்தான். இந்தத் தொழில் வட்டாரத்து ஆலைகள் பலவும் அந்த வாரம் உற்பத்தியை நிறுத்தின. தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறித்தது. கால்வாயை அடைத்தது கடைசியில் ஆலையின் லைனையும் நிறுத்தியது.

தண்ணீருக்குச் சொன்னது மனிதருக்கும் பொருந்தும்.

2021 டிசம்பரில் ஒரு விடுதிச் சாப்பாட்டால் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் பலர் நோயுற்றார்கள். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் எங்கே, எப்படி இருக்கிறார்கள் என்று கேட்ட மற்றவர்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கவில்லை. பதில் இல்லாத இடத்தில் வதந்தி புகுந்தது. இறந்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. 17ஆம் தேதி இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த இளம்பெண்கள். ஆலை மூடப்பட்டது, 2022 ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. விடுதி அறைகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தங்கள் தரத்தில் இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அந்த உண்மை வெளியே வர ஒரு நெடுஞ்சாலை மறிபட வேண்டியிருந்தது. விடுதியிலேயே ஒரு கலங்கல் இருந்திருந்தால், அதாவது குறையைக் கேட்டு அன்றே பதில் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், நீர் சாலைக்கு வந்திருக்காது.

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. சம்பளத்துக்கு இணையாக முன்னால் நின்ற கோரிக்கை, எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பது. நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. கவனியுங்கள், அவர்கள் கேட்டதே ஒரு வாய்க்காலைத்தான்.

இதில் சென்னைக்குப் பழைய அனுபவம் உண்டு. 1918இல் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதன் முன்னணியில் நின்றார்கள். அந்தத் தொழிலாளர்களின் ஆலை நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே குற்றமாகலாம் என்ற அந்த நிலைமைதான் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரக் காரணமானவற்றுள் முக்கியமானது. உடைந்த கரைக்குப் பிறகு கட்டிய கலங்கல் அந்தச் சட்டம்.

ஆலைக்குள் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு இது இன்னும் எளிதாகப் புரியும். அசெம்பிளி லைனில் கோளாறைக் கண்டால் கயிற்றை இழுக்கலாம், பட்டனை அழுத்தலாம். 'ஆண்டன்' விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார், தேவைப்பட்டால் லைன் நிற்கும். ஜப்பான் மொழியில் ஆண்டன் என்றால் காகித விளக்கு. லைனை நிறுத்தியவரை அங்கே யாரும் குற்றவாளி என்று சொல்வதில்லை. கோளாறு அடுத்த ஸ்டேஷனுக்குப் போகாமல் மறித்தவர் என்று பாராட்டுவார்கள். ஒரு போல்ட் சரியில்லை என்றால் நிறுத்த உரிமை கொடுத்தவர்கள், சாப்பாடு சரியில்லை என்று கையை உயர்த்துபவரையும் அதே கண்ணால் பார்க்க வேண்டாமா?

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், ஒருவர் போக உரிமையுள்ள வழியில் அவரைத் தடுப்பது 126ஆம் பிரிவு. தண்டனை ஒரு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது வடிகாலை அடைத்துச் சேதம் உண்டாக்குவது 326ஆம் பிரிவு. அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை. இரண்டிலும் ஆங்கில மூலத்தில் இருப்பது நம் அப்ஸ்ட்ரக்ட்தான், ஒன்றில் வினையாக, மற்றொன்றில் பெயராக. ஆக, சாலையில் உட்காருவதைவிட வடிகாலை அடைப்பதைச் சட்டம் பல மடங்கு பெரிய குற்றமாக வைத்திருக்கிறது. பொதுமக்கள் பயன்படுத்தும் வழியிலோ ஆற்றிலோ கால்வாயிலோ உள்ள தடையை அகற்றச் சொல்ல, புதிய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 152ஆம் பிரிவு நிர்வாக நடுவருக்கு அதிகாரம் தருகிறது. ஏரிகளைக் காக்க 2007ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. சாலையில் உட்கார்ந்தவர் மேல் வழக்குப் போட்டார்கள் என்று அடிக்கடி கேட்கிறோம். கால்வாயை அடைத்தவர் மேல் வழக்கு என்று எத்தனை முறை கேட்டிருக்கிறீர்கள்? உங்கள் நினைவையே கேட்டுப் பாருங்கள்.

மறியல் செய்பவர்களுக்கும் ஒரு சொல். பொதுவழியைக் காலவரையின்றி அடைத்து உட்கார முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் ஷாகீன் பாக் வழக்கில் சொன்னது. நம் சொல்லின் அறமும் அதுவேதான். ஆம்புலன்ஸ் வந்தால் எழுந்து வழி விடுங்கள். பிரசவத்துக்குப் போகும் ஆட்டோவை விடுங்கள். பேச ஆள் வந்ததும் பேசுங்கள், பேசி முடிந்ததும் எழுந்து போங்கள். கலங்கல் இல்லாத மறியல் வெறும் அடைப்பாகிவிடும்.

முடிக்கிறேன். தடுப்பது எல்லாம் கெட்டது அல்ல. கரை தடுக்கிறது, அதனால்தான் ஏரி இருக்கிறது. கரையில் கலங்கல் இருக்கிறதா என்பதே கேள்வி. ஆலை கட்டுகிறவர், சாலை போடுகிறவர், விடுதி நடத்துகிறவர், சட்டம் எழுதுகிறவர், போராடுகிறவர் என எல்லோரிடமும் கேட்க வேண்டியது இந்த ஒன்றுதான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். உங்கள் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே என்று ஒரு பெரியவரைக் கேளுங்கள். அங்கிருந்து போக்குக்கால்வாய் வழியே அடுத்த ஏரி வரை நடங்கள். எங்கே அடைபட்டிருக்கிறதோ அதைப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு தாசில்தாருக்கும் நீர்வளத் துறைக்கும் கிராம சபைக்கும் மனு கொடுங்கள். மனுவில் தமிழில் எழுதுங்கள்: கால்வாய் அடைபட்டிருக்கிறது, திறந்து விடுங்கள். அந்தச் சொல்லுக்கு அகராதி தேவையில்லை.